தம்பி தேர்ந்தெடுத்த மென்பொருள்

என் தம்பிக்கு நாற்பத்தொரு வயதில் பக்கவாதம் வந்தது. வலக்கை விழுந்துவிட்டது, வலக்கால் இழுத்தது, பேச்சு அடியோடு நின்றுபோனது. அதற்கு முன் இரண்டு வருடமாக அவன் தன் வீட்டுப் பின்னறையில் சின்னதாக ஓர் ஒலிப்பதிவுக்கூடம் அமைத்துக்கொண்டிருந்தான். மைக், ஹெட்போன், மைக்கை மடிக்கணினியோடு இணைக்கும் பெட்டி எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துவிட்டன. மென்பொருள் மட்டும் முடிவாகவில்லை.

தருமபுரத்தில் அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இரண்டு தெருதான் இடைவெளி. அவன் ஒரு கல்லூரியில் ஆய்வக உதவியாளர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பான். நான் பள்ளி ஆசிரியை, அதே குழுவில் பாடுகிறவள். தாளம், கீபோர்டு, நான்கு குரல்கள் என்று ஒவ்வொன்றையும் தனித்தனித் தடத்தில் பதிந்து, பிறகு ஒன்றாகக் கலந்து, எங்கள் கோயில் பாட்டுகளை ஒரு தொகுப்பாகப் போட வேண்டும் என்பது அவன் ஆசை.

ஆனால் எந்த மென்பொருளைப் பார்த்தாலும் அவனுக்கு ஒரு குறை தெரியும். பெரிய கூடங்களில் இருப்பது மாதாமாதம் பணம் கேட்டது. இலவசமாகக் கிடைத்தது அவனுடைய பழைய மடிக்கணினியில் திணறியது. திருட்டுப் பதிப்பைப் போடுவதற்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

"ஏதாவது ஒண்ணுல ஆரம்பியேண்டா" என்பேன்.

"அவசரப்படாதக்கா. அப்பறம் மாத்துனா எல்லாத்தையும் மொதல்லேருந்து பதியணும். நல்லதாப் பாத்து ஒரேயடியா வாங்கிடலாம்" என்பான்.

இப்படிப் பார்த்துப் பார்த்து இரண்டு வருடத்தில் அவன் ஒரு பாட்டுகூடப் பதியவில்லை. மருத்துவமனையிலிருந்து அவனைக் கூட்டிவந்த வாரம், அவன் பேசிய குரல் எங்காவது இருக்கிறதா என்று என் போனில் தேடினேன். எனக்கு அனுப்பிய நான்கைந்து குரல் செய்திகள்தான் இருந்தன. ஒன்றில், வரும்போது அரைக்கிலோ சின்ன வெங்காயம் வாங்கிவரச் சொல்கிறான். இன்னொன்றில் மோட்டார் சத்தத்துக்கு நடுவே, "அக்கா, கேக்குதா?" என்கிறான். அவ்வளவுதான்.

மூன்றாவது மாதம் அவனைக் கைத்தாங்கலாகப் பூசைக்குக் கூட்டிப்போனோம். கடைசி வரிசையில் அவன் மனைவிக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தான். காணிக்கைப் பாட்டு தொடங்கியதும் என் காதருகே ஒரு குரல் கேட்டது. அவன் பாடிக்கொண்டிருந்தான். ஒரு சொல்கூடத் தவறவில்லை. உச்சரிப்பு பழையபடி சுத்தமாக இருந்தது. அவன் மனைவி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார்கள். பூசை முடிந்து வெளியே வந்ததும், "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று அவள் கேட்டாள். அவன் வாயைத் திறந்தான். "த... த..." என்பதற்கு மேல் வரவில்லை. அவன் முகம் போன போக்கை நான் பார்த்திருக்கக் கூடாது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் இதைச் சொன்னோம். அவருக்கு ஆச்சரியமாகவே இல்லை.

"பேச்சும் பாட்டும் மூளையில ஒரே எடத்துல இல்லீங்க. இவருக்கு அடிபட்டது பேச்சுப் பக்கம். நீங்க ஒண்ணு செய்யுங்க. தெனமும் தேவப்படுற சின்ன வாக்கியங்கள மெட்டுப் போட்டு அவர்கூடச் சேந்து பாடுங்க. பழகினதும் உங்க சத்தத்தக் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைச்சிட்டே வாங்க. கடைசியில அவரே தனியாச் சொல்லணும்."

நாள் முழுக்க அவன் பக்கத்திலேயே இருக்க என்னால் முடியாது. அவன் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. அதனால் என் குரலைப் போனில் பதிந்து கொடுத்தேன். அது உதவவில்லை. என் குரலைக் குறைத்தால் தாளமும் சேர்ந்து குறைந்தது, தாளம் போனால் அவன் நின்றுவிட்டான். என் குரல் தனியாக, தாளம் தனியாக, அவன் குரல் தனியாக இருக்க வேண்டும். அப்போதுதான், இரண்டு வருடம் அவன் எதைத் தேடிக்கொண்டிருந்தானோ அதுவேதான் எங்களுக்கும் வேண்டும் என்று புரிந்தது.

பள்ளி விட்டு வந்ததும் மாலையில் அவன் அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. அவனுக்கு எல்லாம் தெரியும், சொல்லத்தான் முடியாது. நான் தப்பான இடத்தில் அழுத்தினால் இடக்கையால் மேசையைத் தட்டுவான். இலவச மென்பொருளில் அவன் பாடுவது ஹெட்போனில் ஒரு நொடிக்கும் குறைவாகத் தாமதித்துக் கேட்டது. மற்றவர்களுக்கு அது சின்னக் குறை. அவனோ தன் குரலே தன்னைத் துரத்துவதுபோல மிரண்டு ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். இன்னொன்றின் திரை பார்க்க அழகாக இருந்தது, ஆனால் பதிவு தொடங்கவே ஐந்து இடத்தில் அழுத்த வேண்டியிருந்தது. ஒற்றைக் கைக்காரனுக்கு அது ஆகாது.

மூன்றாவது, சாம்பல் நிறத்தில் அரசாங்க விண்ணப்பம்போல இருந்தது. இரண்டு மாதம் சும்மா பயன்படுத்திவிட்டு, பிடித்திருந்தால் சிறிய தொகையை ஒரே முறை கட்டினால் போதும். பழைய கணினியிலும் திணறவில்லை. ஒரே பொத்தானை அழுத்தினால் பதிந்தது. தம்பி தானே இடக்கை விரலால் அதை அழுத்தினான், தாளத்துக்கு ஒரு அடி பாடினான், நிறுத்தினான், திரும்பப் போட்டுக் கேட்டான். பிறகு என்னைப் பார்த்துத் தலையாட்டினான்.

"இதுவா?" என்றேன்.

மறுபடி தலையாட்டினான். இரண்டு வருடத்தில் முடியாதது அரை மணி நேரத்தில் முடிந்தது. அன்று வீடு திரும்பும்போது எனக்கு அவன்மேல் கோபம்தான் வந்தது. அப்போதே இதை எடுத்திருக்கலாமே என்ற கோபம்.

'தண்ணி வேணும்', 'கால் வலிக்குது', 'அக்கா வா'. முதலில் இந்த மூன்றையும் பதிந்தேன். வாரத்துக்கு ஒருமுறை என் தடத்தின் சத்தத்தை ஒரு துளி இறக்குவேன். ஐந்தாவது மாதம், ஹெட்போனில் என் குரல் மெல்ல ஒலிக்க, அவன் மனைவியிடம் மெட்டோடு தண்ணீர் கேட்டான். அவள் தண்ணீர் எடுக்கப் போய், சமையலறையிலேயே நின்று அழுதுவிட்டு வந்தாள். அடுத்து தன் பெயரைப் பதியச் சொன்னாள். அதையும் பழக்கினோம். ஆனால் என் தடத்தை முழுக்க அணைத்தால் மட்டும் அவன் நின்றுவிடுவான். எனக்கே கேட்காத அளவுக்கு இருந்தால்கூடப் போதும், அதைப் பிடித்துக்கொண்டு பாடிவிடுவான். இல்லையென்றால் கண்ணால் என்னைத் தேடுவான்.

அந்த மழைக்காலத்தில் ஒரு காலை, நான் பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் அவன் மனைவி போன் செய்தாள். "அண்ணி, இவர் எழுந்திரிக்க மாட்டேங்குறார்." ஓடினேன். இரண்டாவது தாக்குதல். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

முப்பதாம் நாள் பூசைக்கு அவன் குரலில் ஒரு பாட்டு போடலாமா என்று குழுவினர் கேட்டார்கள். எங்களிடம் பாட்டு இல்லை. மடிக்கணினியில் இருந்ததெல்லாம் அவன் தண்ணீர் கேட்பதும், கால் வலிக்கிறது என்பதும், என்னையும் மனைவியையும் அழைப்பதும்தான். அதைக் கோயிலில் போட எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை. "அது நம்ம வீட்டுக்குள்ள இருக்கட்டும் அண்ணி" என்றாள்.

சில மாதம் கழித்துப் பயிற்சிப் பெண் கேட்டுக்கொண்டதால், மடிக்கணினியோடு திருவேட்டக்குடிக்குப் போனேன். கடலுக்குப் போகிற ஒருவர், அதே நோய், அதே மௌனம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அவர் மனைவியிடம் மைக்கை நீட்டினேன்.

"எனக்குப் பாடல்லாம் வராதுங்க டீச்சர்."

"பாட வேணாங்க. அவர எப்படிக் கூப்புடுவீங்களோ, அதக் கொஞ்சம் இழுத்துச் சொல்லுங்க."

கூச்சப்பட்டுக்கொண்டே, "என்னங்க" என்றார். அவர் கணவர் தலை நிமிர்ந்தது. அதைத் தனித் தடத்தில் பதிந்தேன். எந்தப் பொத்தான், எப்படிக் குறைப்பது என்று காட்டிக்கொடுத்தேன். கவனமாகக் கேட்டுக்கொண்டவர், நான் புறப்படும்போது கேட்டார்.

"உங்க தம்பிக்கும் இப்படித்தான் செஞ்சீங்களாமே. அவரு பேசுனாரா?"

"நாலு வாக்கியம் பேசுனான்ங்க."

"இப்ப?"

நான் குனிந்து செருப்பை மாட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அதைக் குடித்து முடிக்கும்வரை என் பக்கத்திலேயே நின்றார்.