எலிக்கு மூச்சு வாங்கிய நாள்

ஒரு வெள்ளெலி சர்ர் சர்ரென்று மூச்சு வாங்கிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நோயைத் தீர்க்க வேண்டுமென்றால் முதலில் அதை உண்டாக்கத் தெரிய வேண்டும். எங்கள் மருந்து ஆராய்ச்சித் தொழில் அப்படி. எலிக்கூண்டோடு மாரடித்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கொழுத்த எலிகள்

தொண்ணூறுகளின் முடிவு. பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, தலை நரைத்த பிறகு முனைவர் பட்டத்துக்கு இறங்கினேன். நுரையீரல் தொய்யும் நோய்க்கு மருந்து தேடுவது என் தலைப்பு. மயக்க மருந்து கொடுத்த எலியின் மூச்சுக்குழாயில் எலாஸ்டேஸ் என்ற நொதியைச் சொட்டு விட்டால், அது நுரையீரலின் மீள்தன்மையைக் கரைத்துவிடும். சில வாரங்களில் நுரையீரல் ஊதித் தொய்ந்து, எலிக்கு மூச்சு வாங்க வேண்டும்.

எங்கள் எலிகளோ தின்றன, தூங்கின, கொழுத்தன. இந்த முறையும் நோய் வராவிட்டால் தலைப்பையே விட்டுவிடுங்கள் என்றார் வழிகாட்டி. கூண்டு கழுவும் மாரியாயி என்னைத் தேற்றப் பார்த்தாள்.

"ஏன் மேடம் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? உங்க மருந்து அதுங்களுக்கு நல்லாத்தான் ஒத்துக்குது."

என்ஜின் மேல் ஒரு பிளாஸ்க்

நொதி திருச்சியிலிருந்து ஐஸ் பிளாஸ்க்கில் பஸ்ஸேறி வரும். வழக்கமாகக் கல்லூரி ஆள் போய் வாங்குவார். அன்று அவர் லீவு. நானே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். டிரைவர் பக்கத்தில், கொதிக்கும் என்ஜின் பெட்டியின் மேல், அவருடைய சாப்பாட்டுத் தூக்குக்குத் துணையாக என் பிளாஸ்க் உட்கார்ந்திருந்தது. உள்ளே ஐஸ் வெந்நீராகியிருந்தது. சூடு பட்டால் நொதி செத்துவிடும். இத்தனை மாதமும் செத்த சரக்கைத்தான் எலிக்கு ஊற்றியிருக்கிறேன்.

டிரைவருக்கோ பெருமை.

"மருந்துன்னாங்க, அதான் கால் படாத எடமாப் பாத்து வச்சேன். நம்ம வண்டியில இதவிட நல்ல எடம் கெடையாதும்மா."

நெஞ்சுப் படம்

அடுத்த பிளாஸ்க் ஈரச்சாக்குக்குள் ஜன்னலோரம் வந்தது. உயிரோடிருக்கும் நொதி, எக்ஸ்ரே பிலிமின் கறுப்பைக் கரைக்கும். சோதிக்கப் பழைய பிலிம் கேட்டேன். மாரியாயி தன் புருஷனின் படத்தைக் கொண்டுவந்தாள். அரியலூரில் சுண்ணாம்புக்கல் உடைக்கிறவர். ஒரு சொட்டு வைத்தோம். காத்திருந்து கழுவியதும் கறுப்பு கரைந்து, அந்த இடம் கண்ணாடியாய்த் தெரிந்தது. நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள்.

"ஐயய்யோ, எங்க வூட்டுக்காரர் நெஞ்சுல ஓட்ட போட்டுட்டீங்களே மேடம்."

சத்தம்

சில வாரம் கழித்து ஒரு காலை, கூண்டிலிருந்து அந்தச் சத்தம். ஒரு சின்ன உயிர் திணறுகிறது. எனக்கோ மகள் சமைந்த வீட்டுக்காரி போலப் பூரிப்பு. வழிகாட்டி குனிந்து காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்து, எழுத ஆரம்பியுங்கள் என்றார். ஜெயித்துவிட்டேன்.

துடைப்பத்தோடு நின்ற மாரியாயியும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"எங்க வூட்டுக்காரரு ராத்திரில இப்படித்தான் மேடம் இழுக்குறாரு. இந்த எலிக்கு என்ன ஆவும்?"

கரைந்த நுரையீரல் திரும்பாது என்று சொன்னேன். கல் தூசியும் அப்படித்தான் செய்யும் என்றேன்.

என் ஆய்வேட்டை யார் படித்தார்களோ தெரியாது. மாரியாயியின் புருஷன் கல் உடைப்பதை விட்டுவிட்டு, பாடாலூரில் டீக்கடை போட்டார்.