பங்காளி நிலத்துப் பார்த்தீனியம்

எந்தப் பொருள் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பொருளைத் தடவி, முதுகு முழுக்கச் சின்னச் சின்னப் பிளாஸ்திரிகளை ஒட்டிவிட்டு, "ரெண்டு நாளைக்குக் குளிக்கவும் கூடாது, வியர்க்கவும் கூடாது" என்று சொல்லி அனுப்பினார் மதுரைத் தோல் டாக்டர். அது சித்திரை மாதம். வடமதுரைப் பக்கம் சித்திரையில் வியர்க்காமல் இருக்கப் பிணத்தால்தான் முடியும். ஃபேனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மல்லித் தோட்டத்தில் பூ எடுக்க மனைவி தனியாகப் போனாள்.

மூன்று வருடமாக அரிப்பு. முகம், கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் தடித்துக் கறுத்துவிட்டது. இப்படியே போனால் தோட்டத்தில் இறங்க முடியாது, தோட்டத்தை விட்டால் எனக்கு வேறு பிழைப்பும் தெரியாது. ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம் வைத்தியர்கள். கத்திரிக்காயை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினேன். கருவாட்டையும் நிறுத்தினேன். மச்சான் பேச்சைக் கேட்டு வேப்பங்கொழுந்தை அரைத்துக் குடித்தேன். வாயைக் கட்டியதுதான் மிச்சம், அரிப்பு நின்றபாடில்லை.

மறுபடி போனபோது, பிளாஸ்திரி எடுத்த இடங்களில் ஒன்று மட்டும் சிவந்து வீங்கியிருந்தது. பார்த்தீனியச் செடியைத் தடவிய இடம்!

"உடம்புக்குக் காவல் இருக்கிற அணுக்களே ஆள் தெரியாம அடிக்குது. தேனீ கொட்டினா உடனே வீங்குதுல்ல, அது ஒரு வகை. இது மெதுவா வர்ற வகை. செடி பட்டு ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரியும்" என்றார் டாக்டர்.

செவ்வாய்க்கிழமை பிடுங்கிய களையை விட்டுவிட்டு, வியாழக்கிழமை தின்ற கத்திரிக்காயைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இத்தன வருசம் தொட்டப்ப ஒண்ணும் செய்யலையே, சார்?"

"உடம்பு பல வருசம் பொறுத்துக்கும். ஒருநாள் போதும்னு சொல்லிரும். அப்புறம் லேசுல மாறாது. அந்தச் செடி பக்கமே போகாதீங்க."

போகாமல் எங்கே போவது? என் நிலத்தில் ஒரு செடி கிடையாது, முளைக்க முளைக்கப் பிடுங்கிவிடுவேன். பக்கத்து நிலம் பங்காளியுடையது. அவர் திருப்பூரில் இருக்கிறார், நிலம் தரிசாகக் கிடக்கிறது. அதில் இடுப்பளவு பார்த்தீனியம். காற்றடித்தால் அதன் தூள் என் முகத்தில்தான் விழும். போனில் சொன்னேன்.

"ஏலே அப்பு, காத்துக்கு நான் என்ன வேலியா போட முடியும்? அரிச்சா மருந்தப் போடு" என்று வைத்துவிட்டார். பஞ்சாயத்து ஆபீஸில் மனுக் கொடுத்தேன். "பாக்குறோம்" என்றார்கள். இன்றுவரை பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

கடைசியில் மனைவிதான் சொன்னாள்: "நானே புடுங்கிப் போடுறேன். எனக்குத்தான் ஒண்ணும் செய்யலையே."

சரி என்றேன். உள்ளூர நிம்மதியாகக்கூட இருந்தது. ஒவ்வொரு மழைக்கும் அவள் குனிந்து பிடுங்குவாள். நான் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு தள்ளி நின்று, "அந்த மூலையில ரெண்டு நிக்குது பாரு" என்று கை காட்டுவேன். கையுறை வாங்கிக் கொடுத்தேன். பிடி வழுக்குகிறது என்று கழற்றிப் போட்டாள். நானும் வற்புறுத்தவில்லை.

போன வாரம் சோறு போடும்போது வளையலை மேலே தள்ளிவிட்டுச் சொறிந்தாள். கையைப் பிடித்துப் பார்த்தேன். மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருந்தது.

"எப்ப இருந்து?"

"ஒரு மாசமா இருக்கும். வேக்குருன்னு நெனச்சேன். அப்புறம் தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீங்க எறங்கிப் புடுங்கப் போயிருவீகல்ல."

போயிருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை.