இஸ்திரிச் சூட்டில் முளைத்த கறை

சலவைக்கடையில் கறை எடுக்கும் மேசையின் முன் பத்தொன்பது வருஷமாக நிற்பவளுக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. துணியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை இடுக்கிப் பார்ப்பாள். மையா, மசகா, உதட்டுச்சாயமா என்று நொடியில் சொல்லிவிடுவாள். "என் கண்ணுல மண்ணைத் தூவிட்டு ஒரு கறையும் போனதில்லை" என்பது அவள் பேச்சு.

அந்தப் பேச்சில் மண் விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.

வயலின்காரர் ஒருவர் வெள்ளைப் பட்டுக்கோட்டு கொடுத்திருந்தார். சனிக்கிழமை கச்சேரி. பூதக்கண்ணாடி அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். கழுத்துப்பட்டியில் எண்ணெய்ப் பிசுக்கு, அவ்வளவுதான். உலர்சலவை இயந்திரத்தில் போட்டாள். அதில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. பெட்ரோல் மாதிரி நெடியடிக்கும் திரவம்தான் சுழலும். பிசுக்கு போய், கோட்டு பளிச்சென்று வந்தது.

நீராவி இஸ்திரியை வைத்தாள். அவள் கண்ணெதிரிலேயே மார்புப் பக்கத்தில் பழுப்பாக ஒன்று எழும்பியது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு மூன்றாவது.

"சூடு வச்சுட்டியா?" என்றார் முதலாளி.

அவள் ஒரு வெள்ளைத் துண்டை அதே சூட்டில் தேய்த்துக் காட்டினாள். துண்டு வெள்ளையாகவே இருந்தது. கோட்டை இன்னும் இரண்டு தடவை இயந்திரத்தில் போட்டாள். கறை அசையவில்லை. துணியில் இல்லாத கறை எங்கிருந்து வரும்? தன் கண்ணையே நம்ப முடியவில்லை. சாயந்திரம் வந்து பார்த்த வயலின்காரர், "நான் குடுத்தப்போ இது இல்லவே இல்ல" என்று கொதித்தார். அதை அவளால் மறுக்கவும் முடியவில்லை. அவள் பார்த்தபோதும் இல்லைதானே!

வீட்டுக்குப் போனதும் அண்ணியிடம் புலம்பினாள். அண்ணி பள்ளிக்கூட ஆய்வகத்தில் குடுவை கழுவுபவள். பாடம் காதில் விழுந்துகொண்டே இருக்கும், பாதிதான் தங்கும்.

"இனிப்பா ஏதாவது சிந்திக் காஞ்சிருக்கும். உன் மெஷின் எண்ணெய்க் கறையைத்தான் எடுக்கும். சர்க்கரையை எடுக்காது" என்றாள் அண்ணி.

"ஏன் எடுக்காது?"

"தண்ணி மூலக்கூறுல ஒரு பக்கம் லேசா பிளஸ், இன்னொரு பக்கம் லேசா மைனஸாம். சர்க்கரையிலயும் அந்த மாதிரி முனைங்க இருக்காம். ரெண்டும் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கும். எண்ணெய்லயும் உன் மெஷின் திரவத்துலயும் அது கிடையாது, அதான் சர்க்கரையைச் சீண்டாது."

பூதக்கண்ணாடிக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு கிண்ணத்தில் எண்ணெய், இன்னொன்றில் தண்ணீர், இரண்டிலும் ஒரு கரண்டி சர்க்கரை. கலக்கிக் கலக்கிக் கை வலித்தது. தண்ணீரில் இருந்த இடம் தெரியாமல் போன சர்க்கரை, எண்ணெயில் மணல் மாதிரி அடியில் கிடந்தது. பிறகு சர்க்கரைத் தண்ணீரைத் துணியில் தடவிக் காயவைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. இஸ்திரி வைத்தாள். பழுப்பு.

மறுநாள் காலை கடையிலிருந்து வயலின்காரருக்குப் போன் போட்டாள்.

"சார், கோபப்படாதீங்க. கோட்டு மேல ஜூஸ் ஏதாவது சிந்துச்சா?"

"சான்ஸே இல்ல."

அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது: "எலுமிச்சை ஜூஸ் கொட்டுச்சே! காஞ்சதும் ஒண்ணும் தெரியலன்னு நீங்கதானே விட்டுட்டீங்க?"

அன்று முழுக்க அவள் வெதுவெதுப்பான தண்ணீரைப் பஞ்சில் தொட்டுத் தொட்டு ஒற்றினாள். பஞ்சு பிசுபிசுத்தது, மெல்லப் பழுப்பேறியது. இரண்டு கறைகள் போயின. மூன்றாவது சூட்டில் நன்றாகக் கருகிவிட்டதால் முழுதாகப் போகவில்லை. உற்றுப் பார்த்தால் தெரியும் நிழலாக நின்றுவிட்டது. வயலின்காரர் வாங்கிப் போட்டுப் பார்த்தார். "வாசிக்கும்போது கை மறைச்சிடும்" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. முதலாளி அவளிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் துணி வாங்கும்போது, "மேல என்ன சிந்துச்சுன்னு மறைக்காமச் சொல்லுங்க" என்று அவரே கேட்க ஆரம்பித்தார்.

கறை விவகாரம் தீர்ந்தது, குழப்பம் தீரவில்லை. கடையிலிருந்து கொஞ்சம் கொண்டுவந்த இயந்திரத் திரவத்தை ஒரு உள்ளங்கையிலும் தண்ணீரை மறு உள்ளங்கையிலும் ஒவ்வொரு சொட்டு விட்டுப் பார்த்தாள். திரவம் சில்லென்று உடனே பறந்துவிட்டது. தண்ணீர் அப்படியே இருந்தது.

"தண்ணி ஒண்ணையொண்ணு இறுக்கிப் பிடிச்சுக்கும், அதான் லேசுல பறக்காது" என்றாள் அண்ணி.

"சமையல் எண்ணெய்க்கு அந்தப் பிடி இல்லைன்னு சொன்னியே? அப்போ அது முதல்ல பறந்திருக்கணுமே! ரெண்டு நாளா கிண்ணத்துல அப்படியே கிடக்கு!"

அண்ணி அடுத்த நாள் டீச்சரிடம் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"அதுலயும் பிடி இருக்காம், லேசான பிடி. ஆனா எண்ணெய் மூலக்கூறு ரொம்ப நீளமாம். உடம்பு பூரா லேசா லேசா ஒட்டுமாம். எல்லாம் சேர்ந்தா பெரிய பிடியாயிடுமாம்."

"உன் திரவத்தோட மூலக்கூறு குட்டி, அதான் ஓடிருச்சு" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

பூதக்கண்ணாடி தலையாட்டினாள். புரிந்த மாதிரி இருந்தது. எண்ணெய்க் கிண்ணத்தைக் கழுவ எழுந்தவள் கையில் சோப்போடு அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணி, இது தண்ணியிலயும் கரையுது, எண்ணெயையும் எடுக்குது. இது எந்தக் கட்சி?"

"ஆளை விடு" என்றாள் அண்ணி.