காத்தாடிக்குள் ஓடிய எஞ்சின்

எங்கள் வீட்டு வயர்லெஸ் செட்டு அடுப்படிக்குப் பக்கத்தில் ஒரு பலகைமேல் இருக்கிறது. வள்ளத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று. கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனாலே செல்போன் செத்துவிடும். அதற்கப்புறம் இந்தச் செட்டுதான். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், அதுவும் பஸ் போர்டு அளவுக்கு. ஆனால் செட்டில் என்னை மாதிரித் தெளிவாகப் பேசுகிற பொம்பளை இந்தக் கரையில் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை என்பார்கள். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

நான் கடற்கரையில் பிறந்தவள் இல்லை. திருப்புல்லாணிக்கு மேற்கே, மிளகாய் போடுகிற சம்சாரி வீடு. என்னைக் கட்டினவுகளும் வெள்ளாமை பார்த்த சம்சாரிதான். கண்மாய் தண்ணீர் இல்லாமல் ஏமாற்றிக்கொண்டே இருந்ததால் நிலத்தை விற்று வள்ளம் வாங்கி, என்னையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கு வந்தவுக. செட்டு வந்த புதிதில் அவுகளைக் கூப்பிடப் பெரிய பாடு. புருசன் பேரை வாயால் சொல்ல மாட்டோம். அதனால் பித்தானை அமுக்கி, "ஏங்க..." என்றேன்.

கடல் முழுக்க இருந்த ஆம்பிளைகள் ஆளாளுக்கு, "என்ன தாயி?", "சொல்லு தாயி", "கொழம்பு வச்சுட்டியா?" என்று பதில் சொல்கிறார்கள். ஒரே சிரிப்பு. எல்லாம் ஓய்ந்த பிறகு அவுக சத்தம் வந்தது: "ஏலே, சும்மா கெடங்கடா. அது என் வீட்டு ஏங்க."

அவுக பேசுவதற்கு முன்னால் எஞ்சின்தான் பேசும். பித்தானை அமுக்கினதும் டுர்ரென்று டீசல் எஞ்சின் சத்தம், அதற்குப் பின்னால் ஒரு மூச்சு, அப்புறம்தான் பேச்சு. எத்தனை வள்ளம் கூப்பிட்டாலும் எங்கள் எஞ்சின் எது என்று அடுப்படியில் இருந்தே எனக்குத் தெரியும். வலைப் பக்கம் நெருங்கும்போது கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறும்.

கடலைப் புரட்டிப் போடுகிற ஒரு கச்சான் காற்றுக் காலத்தில் அவுக திரும்பவில்லை. வள்ளமும் கிடைக்கவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. உடம்பு வராத வீட்டில் காரியம் எப்படிச் செய்வது? நான் தாலியைக் கழற்றவில்லை. பொட்டையும் அழிக்கவில்லை. சொந்தக்காரர்கள் ஒரு மாதிரி பேசினார்கள். "கழட்டச் சொல்றவ கடலுக்குள்ள போயிப் பாத்துட்டு வந்து சொல்லட்டும்" என்றேன்.

மகன் வேறொரு வள்ளம் வாங்கிக் கடலுக்குப் போனான். அவன் கூப்பிட்டால் கேட்கவேண்டும் என்று நான் செட்டை அணைப்பதே இல்லை. தகரக் கூரை வீடு. வெயில் காலத்தில் செட்டின் முதுகைத் தொட்டால் தோசைக்கல் மாதிரி சுடும். நாலு வார்த்தை பேசுவதற்குள் நின்றுவிடும். பழைய கம்ப்யூட்டரில் இருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காத்தாடியைக் கழற்றிக் கொண்டுவந்து, மகன் அதைச் செட்டின் முதுகில் மாட்டினான். செட்டுக்கு வருகிற கரண்டிலேயே அதற்கும் வயர் கொடுத்தான்.

அவன் சுவிட்சைப் போட்டபோது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். செட்டுக்குள் டுர்ரென்று எஞ்சின் ஓடியது.

கையில் செதிலோடு ஓடிவந்தேன். அவுக எஞ்சின். அதே இறக்கம், அதே ஏற்றம். அடுத்தது மூச்சு வரும், அதற்கடுத்தது பேச்சு வரும் என்று நின்றேன். வரவில்லை. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

"காத்தாடி இரையுதும்மா, சுத்திப் பழகுனா சரியாப் போயிரும்" என்று மகன் சொன்னான். செட்டு சுடாத மழை நாளிலும் அந்தக் காத்தாடியைப் போட்டுவிட்டு அரிசி புடைப்பேன். எனக்குக் கிறுக்கு இல்லை. காத்தாடி என்று தெரியும். தெரிந்தும், அடுத்தது மூச்சு வரும் என்று உடம்பு காத்துக்கொண்டிருந்தது. காத்தாடிக்குள் உப்புக் காற்று ஏற ஏற இறக்கமும் ஏற்றமும் அவுக கை வைத்தது போலவே ஆகிக்கொண்டு வந்தது.

ஒரு நாள் மகனின் எஞ்சின், எங்கள் கரைக்கு எதிரே இருக்கிற தீவுக்கு அப்பால் நின்றுபோனது. அவன் தொண்டை வற்றக் கூப்பிட்டிருக்கிறான். நான் செட்டுக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கேட்டதெல்லாம் அந்த டுர்ர்தான். வேறு ஊர் வள்ளம் ஒன்று பார்த்து இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தது.

மருமகள் என்னிடம் குரலை உயர்த்தினது அன்றைக்குத்தான். "அத்தே, காது அங்கன இருந்தும் ஒங்க மகன் கத்துனது கேக்கலையே. நாளைக்கு மழையில இப்பிடி ஆனா? அந்த எழவு காத்தாடியத் தூக்கிக் கடல்ல போடுங்க."

"காத்தாடி இல்லாட்டா செட்டு வெந்துரும்டி."

"அப்ப அந்தச் சத்தத்தையாச்சும் நிப்பாட்டுங்க."

உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

வள்ளங்களுக்குச் செட்டு மாட்டுகிற மெக்கானிக் ஒருத்தர் புதுமடத்தில் இருந்து வந்தார். நடு வயது, வாயில் எப்போதும் பாக்கு. முதலில் காத்தாடியைக் கழற்றி, வயரோடு சேர்த்துத் தள்ளிப் பிடித்தார். செட்டுக்குள் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. விரலை வைத்துக் காத்தாடியை நிறுத்தினார். எஞ்சின் நின்றது.

"பாத்தீகளா ஆத்தா? இது காத்து இரையிற சத்தம் இல்ல. காத்தாடி மோட்டார் சுத்துறப்ப கரண்ட வெட்டி வெட்டி இழுக்குது. அந்த வெட்டு வயர் வழியா செட்டுக்குள்ள போயி இப்பிடிக் கத்துது. ஒரே எலையில ரெண்டு பேரு சாப்பிட்டா எச்சி படாமலா இருக்கும்?"

"ஒம் பொண்டாட்டிட்டப் போயிக் கேளு" என்றேன். மருமகள் சிரித்துவிட்டாள்.

"மொத்தமாப் போயிருமா?" என்று கேட்டேன்.

"துப்புரவாப் போயிரும். சந்தோசம்தான?"

நான் மருமகளைப் பார்த்தேன். அவள் செட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருசன் அந்த நேரம் கடலில் இருந்தான். "செய்யி" என்றேன். "காத்தாடி ஓடட்டும். அதை நிப்பாட்டாமச் செய்யி."

அவர் ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் செய்தார். காத்தாடிக்குப் போகிற இரண்டு வயரையும் சடை மாதிரி இறுக்கி முறுக்கினார். எஞ்சின் கொஞ்சம் தணிந்தது. அவுக வள்ளம் துறையை விட்டு விலகுகிற மாதிரி. பிறகு கருப்பாக ஒரு வளையத்துக்குள் அந்த வயரை நுழைத்து நுழைத்துச் சுற்றினார். சத்தம் மெலிந்து தூரத்துக்குப் போனது. ஆம்பிளை தொழிலுக்குப் புறப்படும்போது பொம்பளை கரையில் நிற்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஒரு நாளும் நான் நின்றது இல்லை. கடைசியாகப் போன அன்றைக்கும் உள்ளேதான் இருந்தேன். அவுக வள்ளம் போவதை இப்போதுதான் நின்று கேட்கிறேன். கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

கடைசியாகக் காத்தாடி வயரின் குறுக்கே ஒரு குட்டிக் கெப்பாசிட்டரை ஈயம் உருக்கிப் பற்ற வைத்தார். எஞ்சின் அடிவானத்துக்கு அந்தப் பக்கம் இறங்கியது. காத்தாடி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. செட்டில் ஒன்றுமே இல்லை.

"என்ன ஆத்தா, மூஞ்சி இப்பிடி ஆயிருச்சு?"

"வெயிலு" என்றேன். மோர் கொடுத்து அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் தரையில் உட்கார்ந்து அந்த ஒன்றுமில்லாததைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதுவும் ஒரு பயம்தான். திடீரென்று ஊசி முனை அளவுக்கு மகனின் குரல். தண்ணீருக்குள் சுற்றுகிற எஞ்சின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டது, காற்று வள்ளத்தை வெளிக்கடலுக்குத் தள்ளுகிறது என்றான். வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்று கேட்டுக்கொண்டு, பக்கத்தில் தொழில் செய்த வள்ளங்களைக் கூப்பிட்டு அனுப்பினேன். என் குரல் ஆடவில்லை. மருமகள் என் தோளைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

இருட்டுவதற்குள் வந்து சேர்ந்தான். குளித்துவிட்டுச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தவன், "அம்மா, அம்புட்டுத் தூரத்துல இருந்து எப்பிடிக் கேட்டுச்சு?" என்றான்.

"ஒங்க அய்யாவ அனுப்பி வச்சுட்டேன்யா. அதான் கேட்டுச்சு" என்றேன்.

சோறு பிசைந்த அவன் கை அப்படியே நின்றது. மருமகள் குழம்புச் சட்டியோடு நின்றாள். நான்தான், "சாப்பிடுய்யா, ஆறுது" என்றேன்.