அப்பா வண்டியின் கண்ணாடி

செம்பனைக் குலை விழுந்து அப்பாவின் இடது கால் உடைந்த வருடம், வீட்டு மோட்டார் சைக்கிளுக்கு நான்தான் பொறுப்பு. எனக்கு வயது பத்து. பீடோங் ஊரை ஒட்டிய செம்பனைத் தோட்டத்தில், எங்கள் வீட்டுப் பக்கவாட்டுத் தகரக் கூரையின் கீழ் அது மாதக்கணக்கில் நின்றது. “ஓட்ட ஆளில்லாத வண்டி எதுக்கு, வித்துடுங்கலா,” என்று அப்பாவைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். வண்டி நல்ல நிலையில் இருந்தால் விற்க மாட்டார்கள். விற்காவிட்டால் அப்பா மறுபடியும் ஓட்டுவார். இது என் கணக்கு. கியர் மாற்றுவது இடது கால் என்பதை அந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்காருவார். அங்கிருந்தே உத்தரவுகள் வரும். பெரிய ஸ்டாண்டில் ஏற்ற வேண்டும். டயர் ஒரே இடத்தில் அழுந்தாதபடி சக்கரத்தைச் சுற்றிவிட வேண்டும். பிளக்கைக் கழற்றி மணல்தாளில் தேய்க்க வேண்டும். சங்கிலிக்கு எண்ணெய். என் எடைக்கு ஓர் உதை போதாது. ஐந்தாறு முறை குதித்து மிதித்தால்தான் எஞ்சின் இருமிக்கொண்டு எழும்பும். அப்பா கண்ணை மூடிக் கேட்பார்.

“சத்தம் சரியாத்தான் இருக்கு. கொஞ்ச நேரம் ஓடட்டும்டா.”

கடைசியாக, யாரும் சொல்லாத ஒரு வேலையை நானாகச் செய்வேன். அப்பா நல்ல உயரம். அவர் ஓட்டிய காலத்தில் வலப்பக்கக் கண்ணாடி வானத்தைப் பார்ப்பதுபோல் நிமிர்ந்திருக்கும். அதைத் துடைத்து அப்படியே நிமிர்த்தி வைப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அது கீழே குனிந்திருந்தது. நிமிர்த்தினேன். அடுத்த வாரமும் குனிந்திருந்தது. டயரில் வேறு ஈரச் செம்மண்.

அடுத்த வீட்டு அண்ணனுக்கு வண்டி என்றால் பைத்தியம். நேராகப் போய்க் கேட்டேன். “அண்ணே, எங்கப்பா வண்டிய எடுத்தீங்களா? கண்ணாடி கீழ எறங்கியிருக்கு.”

“அந்த வண்டியா? அத ஒதைச்சு ஸ்டார்ட் பண்றதுக்குள்ள நான் பாசாருக்கு நடந்தே போய் மீன் வாங்கிட்டு வந்துருவேன்லா, தம்பி.” சிரித்து முடித்துவிட்டு, “நான் ஒங்கப்பாவ விட ஒசரம். கண்ணாடிய எதுக்குக் கீழ எறக்கப் போறேன்?” என்றார்.

வந்த வழியே திரும்பினேன். வீட்டில் அம்மா முழங்கையில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். குளியலறையில் வழுக்கிவிட்டதாம். அந்த மாதத்தில் இது மூன்றாவது வழுக்கல். குளியலறைத் தரையை நான் பிரஷ் போட்டுத் தேய்த்தும் கொடுத்தேன்.

அந்த வாரம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த நட்டை ஸ்பேனரால் மூச்சைப் பிடித்து முறுக்கினேன். அப்பா வாசலிலிருந்து பார்த்தார்.

“அவ்வளவு இறுக்காதடா. திருப்ப வரணும்.”

“யாரு திருப்பப் போறா?”

அப்பா எண்ணெய் டப்பாவைக் கேட்டார்.

பள்ளி விடுமுறை முடிந்த முதல் நாள், சீருடையோடு வெளியே வந்தேன். அம்மா அப்பாவின் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வண்டிமேல் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்து ஊரான குருணில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. லைசன்ஸும் கைக்கு வந்திருந்தது. இரண்டையும் நான் அப்போதுதான் கேள்விப்படுகிறேன். அப்பா ஒரு கையில் ஊன்றுகோலை ஊன்றி, மறு கையால் கண்ணாடியை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்.

“இப்பத் தெரியுதா?”

“தெரியுது.”

“லோரி வந்தா ஒதுங்கி விட்டுடு. விழுந்து செராய்ச்ச மொழங்கை போதும்.”

“ஒங்க கால் கதைய நான் பேசவா?” என்ற அம்மா, என் பக்கம் திரும்பினார். “என்னடா பாக்குற? ஏறு.”

நான் ஏறினேன். பள்ளி போய்ச் சேரும்வரை அம்மாவைப் பிடிக்காமல் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அப்பாவின் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அதன் பிறகும் ஞாயிறுதோறும் கண்ணாடியை அப்பாவின் உயரத்துக்கு நிமிர்த்தி வைத்தேன். திங்கட்கிழமை காலையில் அப்பா அதை அம்மாவின் உயரத்துக்கு இறக்கினார். எத்தனையோ வாரம் இப்படியே நடந்தது. இரண்டு பேரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்பாவின் இடத்தைக் காப்பாற்றுவதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை அவர் எப்போதோ அம்மாவுக்குக் கொடுத்துவிட்டார் என்பதும், அம்மாவுக்கு வண்டி நடுவழியில் நின்றுவிடக் கூடாதே என்றுதான் ஞாயிறுதோறும் கண்ணை மூடி அந்தச் சத்தத்தைக் கேட்டார் என்பதும் எனக்கு அன்று விளங்கவில்லை.