ஏரிக்கரை கேரவனில் இருபத்திரண்டாம் நாள்

பென்னாகரம் பக்கம் ஏரிக்கரையில், வண்டிக்குள்ளேயே தங்கும் கேரவன் முகாமுக்குப் பத்து நாள் என்றுதான் வந்தேன். இன்றோடு இருபத்திரண்டு நாள். சாப்பிடுகிறேன், நாற்காலி போட்டுத் தண்ணீரைப் பார்க்கிறேன், தூங்குகிறேன். கேட்பவர்களிடம் நல்ல ஓய்வு என்கிறேன்.

இன்று காலை ஆடுகளைத் தண்ணீருக்கு ஓட்டி வந்த ஓர் அம்மா, என் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

“ஏங்க, உங்களுக்கு வூடு இல்லீங்களா?”

“இருக்குதுங்க, சேலத்துல.”

“அப்புறம் எதுக்குங்க இந்த வெயில்ல டப்பாக்குள்ள கெடக்கறீங்க?”

“ரெஸ்ட் எடுக்க வந்தேங்க.”

“அதை வூட்ல எடுக்கக் கூடாதுங்களா?”

உள்ளே ஏசி இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு.

“வூட்ல என் சம்சாரத்தோட துணியெல்லாம் அப்படியே இருக்குதுங்க. அவ தவறிப் போயி மூணு மாசம் ஆச்சு.”

அழுகை வரவில்லை. யார் வீட்டுச் செய்தியையோ சொன்னது போலிருந்தது.

அவர் என்னோடு சேர்ந்து கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்தார்.

“மழை வர்ற வரைக்கும் இங்கியே இருங்க. நாளைக்குப் பால் கொண்டாந்து தரேன்” என்று சொல்லிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்.

முகாம்காரரிடம் இன்னும் பத்து நாள் இருப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆட்டுப்பாலில் டீ போட்டுக் குடித்தவர்கள் இதைப் படிப்பவர்களில் யாராவது இருக்கிறீர்களா? குடிக்கிற மாதிரி இருக்குமா?