சரளைச் சாலையில் மட்டும் செல்லும்

ஆர்னி ஹோல்ட் எண்பத்து நாலு வயதில் மறுபடியும் ஓட்டுநர் தேர்வுக்கு வந்து நின்றார். மான்டானாவின் கிழக்குக் கோடியில், மனிதரைவிட மாடுகள் அதிகமுள்ள மாவட்டம் அது. உரிமம் கொடுக்கும் ரோண்டா பிக்கல் அடுத்த மாவட்டத்திலிருந்து எப்போதாவதுதான் வருவாள். வரும் நாளில் நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவளைப் பார்க்கலாம்.

கண் பரிசோதனை அட்டையில் இரண்டாவது வரியோடு ஆர்னி நின்றுவிட்டார்.

"அடுத்த வரி?"

"இன்னொரு வரி வேற இருக்கா?"

ரோண்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு எங்க போறீங்க, ஆர்னி?"

"மர்னாகிட்டதான். வேற எங்க போகப் போறேன்?"

மர்னா அவர் மனைவி. பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்துபோனதிலிருந்து, ஆற்றுக்கு அப்பாலுள்ள ஊரில் முதியோர் இல்லத்தில் இருந்தாள். நாக்கு மட்டும் தப்பித்திருந்தது. பஸ் கிடையாது, மகன் இருப்பதோ சியாட்டிலில். ஆர்னி தினமும் பண்ணையிலிருந்து தன் பிக்கப் வண்டியில் போய், மதியம் அவளோடு சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்.

"நெடுஞ்சாலையிலயா?"

"அதுல லாரிக்காரனுங்க பேய் மாதிரி வர்றானுங்க. நான் ஆத்தோரம் பழைய சரளை ரோட்டுல போறேன். எதிர்ல ஒரு வண்டி வந்தா அன்னிக்குத் திருவிழா."

குறிப்பிட்ட ஒரு சாலைக்கு மட்டும் உரிமம் கொடுக்க விதியில் இடமிருந்தது. ரோண்டா கோட்டை மாட்டிக்கொண்டாள். "வாங்க, அந்த ரோட்டுலயே ஓட்டிக் காட்டுங்க."

நிதானமாகத்தான் ஓட்டினார். தண்டவாளத்துக்கு முன்னால் சரியாக நிறுத்தினார்.

"நிறுத்தச் சொல்ற பலகை தெரிஞ்சுதா?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியலம்மா. அது அங்கதான் இருக்கும்னு தெரியும்."

ரோண்டா அந்தப் பலகையையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு, மேலே ஓட்டச் சொன்னாள்.

இல்லத்தில் மர்னா சக்கர நாற்காலியில் காத்திருந்தாள். "யாரு இது? நான் படுத்ததும் வேற ஆள் பிடிச்சிட்டீங்களா?"

"லைசென்ஸ் கொடுக்கிற அதிகாரிடி. சும்மா இரு."

"அப்ப இவரை ஓட்ட விடாதீங்கம்மா. கல்யாணத்தன்னிக்கே என்னை வாய்க்கால்ல இறக்கின மனுஷன்!" சொல்லிவிட்டு, நல்ல கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சாப்பாடு முடியும்வரை விடவில்லை.

பகலில் மட்டும், இந்தச் சாலையில் மட்டும், மெதுவாக மட்டும் என்று எழுதி ரோண்டா கையெழுத்துப் போட்டாள்.

கோடை முழுக்க அவர் போய்வந்தார். அக்டோபரில் பனி முந்திக்கொண்டது. சாலையும் புல்வெளியும் ஒரே வெள்ளை. பாதி வழியில், சக்கரத்துக்கடியில் சரளைச் சத்தம் நின்றுபோனதைக் காதுதான் சொன்னது. வண்டி ஆற்றங்கரைச் சரிவில் சாய்ந்திருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு, யாராவது வரும்வரை ஆர்னி உள்ளேயே காத்திருந்தார். ஒரு பண்ணைக்காரர் டிராக்டரோடு வந்து இழுத்துப் போட்டார்.

அடுத்த முறை ரோண்டா வந்தபோது உரிமத்தை அவரே மேசைமேல் வைத்தார். "எடுத்துக்கம்மா. நல்லா உழைச்சுது."

"அப்ப மர்னா?"

"மாட்டையெல்லாம் வித்தாச்சு. அவ ரூம்ல இன்னொரு கட்டில் காலியாம். அங்கயே போயிடறேன்."

அன்று மாலை வேலை முடிந்ததும் ரோண்டாவே தன் காரில் அவரைக் கூட்டிப் போனாள், நெடுஞ்சாலை வழியாக. ரொம்ப வேகம் என்று அவர் வழியெல்லாம் முணுமுணுத்தார்.

பெட்டியோடு வாசலில் நின்றவரை மர்னா ஏற இறங்கப் பார்த்தாள். கண் கலங்கியதை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வாங்க. ஆனா ஜன்னலோரம் என் இடம். சொல்லிட்டேன்."